மிதிவண்டியும் முழங்காலும்

நுழையும்முன்

உடலில் ஓர் உறுப்பு நோகும்போதுதான் அஃது இருப்பதையே நாம் உணர்கிறோம். வலியை மருந்தால் அடக்கிவிட்டு நடக்கலாம். வலி ஏன் வந்தது என்று கேட்டும் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு அருகில் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றுவந்த ஓர் ஆசிரியை, தம் முழங்கால் வலிக்குக் காரணம் தேடிய பட்டறிவு இக்கட்டுரையாக விரிகிறது.

கவனிக்கப்படாத மூட்டு

கண்ணையும் தோளையும் நடையையும் புகழ்ந்த அளவுக்கு முழங்காலை எவரும் புகழ்ந்ததில்லை. நடையழகைப் பாடிய அளவுக்குப் புலவர்கள் அந்நடையைத் தாங்கும் மூட்டைப் பாடவில்லை. முழந்தாளைத் தொடுமளவு நீண்ட கைகள் என்று வீரரைச் சிறப்பிக்கும் இடத்திலும் முழந்தாள் ஓர் அளவுகோலாக மட்டுமே வந்துபோகிறது. புகழ் முழுவதும் கைக்கே சேர்ந்துவிடுகிறது.

ஆனால் நம் உடலில் மிகுந்த உழைப்பாளி அது. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் அங்கே சந்திக்கின்றன. எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இடையே பிறை வடிவில் அமைந்த இரண்டு குருத்தெலும்புத் திண்டுகள் அதிர்வைத் தாங்குகின்றன. நான்கு முதன்மையான பிணைநார்கள் எலும்புகள் இடம்பெயராமல் கட்டிவைக்கின்றன. முன்புறத்தில் இருப்பது முழங்காற்சில்லு. தசைநாணுக்குள் பொதிந்திருக்கும் எலும்புகளில் நம் உடலில் மிகப் பெரியது இதுவே. கிணற்றில் நீர் இறைக்கும் கயிற்றுக்குக் கப்பி எப்படி உதவுகிறதோ அப்படித் தொடைத் தசையின் இழுவிசையைக் கீழ்க்காலுக்குக் கடத்த இச்சில்லு உதவுகிறது. சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்குச் சுமை இந்த மூட்டின் மேல் விழுகிறது. படியேறும்போது அச்சுமை இன்னும் கூடுகிறது. ஐம்பது வயதுவரை இவற்றுள் ஒன்றைக்கூட அறிய வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. ஏனெனில் அதுவரை என் முழங்கால் வலித்ததில்லை.

வண்டி வந்த வழி

முழங்காலைப் பற்றிச் சொல்லுமுன் மிதிவண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வண்டி என் வாழ்வில் என்ன பொருள் உடையது என்று சொல்லாவிட்டால், வலி வந்தபோது நான் ஏன் அதைக் கைவிட மறுத்தேன் என்பது விளங்காது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு ஊட்டுவதற்காகத் தொடங்கிய அவ்வியக்கம் விரைவில் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இயக்கமாகவும் விரிந்தது. எழுத்தறிந்த பெண் அடுத்த ஊர் வகுப்புக்குப் போக வேண்டுமானால் பேருந்துக்காகவோ வீட்டு ஆண்களுக்காகவோ காத்திருக்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. காரணம் இவ்வளவு எளிமையானது. வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் என்று எல்லாரும் மைதானங்களில் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் கம்பி வைத்த வண்டிகளிலேயே ஏறினர். அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதைப் பிறகு ஒரு வசதியாகவே கண்டனர்.

இளங்கலைக் கல்வியியல் முடித்துவிட்டு, தன்னார்வத் தொண்டராக நானும் அதில் சேர்ந்திருந்தேன். பெண் வண்டி ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்ட வீடு எங்களுடையது. புழுதி பறக்கும் பள்ளி மைதானத்தில், என்னைவிட இளைய ஒரு பெண் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, நான் கற்றுக்கொண்டேன். அதற்குப்பின் அரசுப் பள்ளியில் பணி கிடைத்தபோது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டர். தைலமரக் காட்டையும் ஒரு கண்மாய்க் கரையையும் கடந்து செல்லும் சாலை அது. அந்த ஒன்பது கிலோமீட்டரில் எனக்கு எவரும் துணை வர வேண்டியிருக்கவில்லை. எனவே, 'வண்டியை விட்டுவிடு' என்று பின்னாளில் சொன்னவர்கள் ஒரு பொருளை விடச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு காலத்தையே திருப்பிக் கொடுக்கச் சொல்வதாகத் தோன்றியது.

வலி வந்தபோது

ஐம்பத்தோராம் வயதில் வலது முழங்காலில் வலி தொடங்கியது. அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. முழங்காற்சில்லுக்குப் பின்னால் மந்தமான நோவு. மிதிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் எழும், சற்று அடங்கும், பள்ளியின் மாடிப்படியில் இறங்கும்போது மீண்டும் தலைகாட்டும். தேர்வறையில் நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்துவிட்டு எழுந்தால் முதல் பத்தடி நொண்ட வேண்டியிருக்கும். வாசலில் குந்தியமர்ந்து கோலமிடுவது அரிதாயிற்று.

நம் ஊரில் முழங்கால் வலிக்கு மருத்துவம் சொல்லாதவர் இல்லை. ஒருவர் தைலத்தின் பெயர் சொன்னார். ஒருவர் முட்டியுறை போடச் சொன்னார். வலி மாத்திரையை ஓர் அட்டையாகவே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னவரும் உண்டு. மாத்திரை வேண்டாம் என்று மட்டும் உறுதியாக இருந்தேன். மருத்துவர் மேற்பார்வையின்றித் தொடர்ந்து உண்ணும் வலிநீக்கிகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. என் மகன், "அம்மா, இந்த வயதில் இது எதற்கு? ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன்" என்றான். அவன் அன்பில் குறையில்லை. ஆனால் 'இந்த வயதில்' என்ற சொல் முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

எலும்பு மருத்துவர் ஒருவர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார். "வயதுக்கேற்ற சிறு தேய்மானம்தான். மிதிவண்டியை நிறுத்திவிடுங்கள்" என்றார். ஆறு வாரம் வண்டியைத் தொடாமல் பேருந்தில் சென்றேன். வலி சற்றுக் குறைந்ததுபோல் இருந்தது, முற்றிலும் நீங்கவில்லை. அந்த ஆறு வாரத்தின் இறுதியில் படியேறுவது முன்பைவிடக் கடினமாகியிருந்தது. வலது தொடை இடது தொடையைவிட மெலிந்திருந்ததைத் தையல் அளவுநாடாவே காட்டியது. வண்டிதான் காரணம் என்றால், வண்டியை நிறுத்தியபின் கால் ஏன் மெலிய வேண்டும்? இந்த வினாவோடுதான் அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குச் சென்றேன்.

வண்டியையும் கொண்டு வாருங்கள்

அங்கிருந்த இயன்முறை மருத்துவர் முப்பது வயதைத் தாண்டாத பெண். வலி எங்கே, எப்போது, எந்த அசைவில் என்று பொறுமையாகக் கேட்டார். ஊடுகதிர்ப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உறையில் இட்டார்.

"படத்தில் தேய்மானம் நிறைய இருந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், டீச்சர். படத்தில் ஒன்றுமே இல்லாமல் வலியால் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். படம் எலும்பைத்தான் காட்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைக் காட்டாது. நாளைக்கு வரும்போது உங்கள் வண்டியையும் கொண்டு வாருங்கள்" என்றார்.

நோயாளியோடு வண்டியையும் வரச்சொன்ன மருத்துவரை நான் அதுவரை கண்டதில்லை. மறுநாள் மருத்துவமனை மரத்தடியில் வண்டியை நிறுத்தி ஏறி அமரச் சொன்னார். மிதிகட்டை மேலே வரும் நிலையிலும் கீழே செல்லும் நிலையிலும் என் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியால் அளந்தார்.

"இருக்கை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது?" என்று கேட்டார்.

"கடையிலேயே இப்படித்தான் பொருத்திக் கொடுத்தார்கள். பெண்கள் வண்டி என்றால் இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்பது வழக்கம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நின்றுகொண்டிருப்பதற்கு அது நல்ல உயரம், டீச்சர். ஓட்டுவதற்கு நல்ல உயரம் இல்லை."

அந்த ஒரு வாக்கியத்தில் பல ஆண்டு வழக்கம் ஒன்று எனக்குத் துலங்கியது. அறிவொளி மைதானத்தில் கற்பவர் அஞ்சக்கூடாது என்பதற்காக இருக்கையைத் தாழ்த்துவோம். விழப்போனால் உடனே கால் ஊன்றலாம். கற்பவருக்கு அது தேவைதான். ஆனால் கற்று முடித்த பிறகும் அந்த உயரத்திலேயே பெண்ணின் வண்டி நின்றுவிடுகிறது. 'விழுந்துவிடுவாள்' என்னும் அச்சம் ஓர் அளவாக மாறி, கடையில் வண்டியைப் பூட்டுபவரின் கைவழக்கமாகவே ஆகிவிடுகிறது.

கணக்கும் காரணமும்

இருக்கை தாழ்ந்தால் முழங்காலுக்கு என்ன நேர்கிறது? மிதிகட்டை மேலே வரும்போது முழங்கால் மிகுதியாக மடங்குகிறது. மடக்கம் கூடக்கூட, முழங்காற்சில்லு தொடை எலும்பின் மீது மேலும் அழுந்துகிறது. அந்நிலையிலேயே கீழ்நோக்கி அழுத்தி மிதிக்கவும் வேண்டியிருக்கிறது. விளைவு, முன்முழங்கால் வலி. இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தாலோ, கால் எட்டி எட்டி மிதிப்பதால் முழங்காலின் பின்புறம் வலிக்கும். ஆகவே வலி எந்தப் பக்கம் என்பதே, வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு முதல் குறிப்பு.

ஒரு தடவை மடங்குவதால் பெரிய தீங்கு வந்துவிடாது. எத்தனை தடவை என்பதே கேள்வி. என் வண்டியின் முன்பற்சக்கரத்தில் 44 பற்கள். பின்பற்சக்கரத்தில் 18 பற்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். அப்படியானால் ஒன்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,670 சுற்றுகள். போய் வர 3,340. ஓராண்டில் இருநூறு நாள் பள்ளிக்குச் சென்றால் ஆறரை இலட்சத்துக்கும் மேல். அத்தனை தடவையும் முழங்கால் தேவைக்கு அதிகமாக மடங்கி, அழுந்தி, நீண்டிருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இருக்கையை உயர்த்தும் அளவையும் அவர் சொல்லித்தந்தார். மிதிகட்டை மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு, ஓட்டும்போது வைப்பதைப்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் சிறு மடிப்பு மட்டும் எஞ்சும். ஏறத்தாழ 25 முதல் 35 பாகை. இதுவே போதுமான உயரம். ஒரே நாளில் உயர்த்தாமல் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக உயர்த்தச் சொன்னார். உடல் புதிய அளவுக்குப் பழக வேண்டுமல்லவா?

எங்கள் தெருமுனையில் மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். இருக்கைக் கம்பியை உயர்த்தியவர் அதோடு நிற்கவில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டைகளைச் சுழற்றிப் பார்த்தார். வலது மிதிகட்டை சுழலும்போது சற்றே தள்ளாடியது. "பெடல் அச்சு வளைஞ்சிருக்கும்மா. மிதிக்கும்போதெல்லாம் பாதம் ஒரு பக்கமாத் திரும்பும். காலு எப்படி நோகாம இருக்கும்?" என்றார். வண்டி எப்போதோ எங்கோ சாய்ந்து விழுந்ததில் நேர்ந்த வளைவாக இருக்கலாம். வலி வலக்காலில் மட்டும் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

அவரே மற்றொரு மாற்றத்தையும் செய்தார். பின்சக்கரத்தில் இருந்த 18 பல் 'பிரீவீலை'க் கழற்றிவிட்டு 20 பல் உள்ளதைப் பொருத்தினார். அதனால் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் 4.8 மீட்டராகக் குறைந்தது. ஒன்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,860 சுற்றுகள் ஆயின. சுற்றுகள் கூடியிருக்கின்றனவே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மிதியின் பாரமும் குறைந்துவிட்டது. ஒரு மூட்டை நெல்லை ஒரே தூக்கில் தூக்குவதற்கும் பத்து மரக்கால்களாக அள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இது. வேலை ஒன்றுதான், முதுகுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

மிதிவண்டியின் வரலாறே இந்தக் கணக்கின் வரலாறு எனலாம். 1817இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் உருவாக்கிய இருசக்கர வண்டியில் மிதிகட்டையே இல்லை; காலால் தரையை உந்திச் செல்ல வேண்டும். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தினர். அப்போது ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் என்பதைச் சக்கரத்தின் அளவே முடிவு செய்தது. வேகத்துக்காக முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதை ஓட்டுபவரின் கால் எவ்வளவு நீளமோ அதுவே சக்கரத்தின் எல்லை. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றியது. அன்றுமுதல் கால் நீளத்துக்கும் சக்கர அளவுக்கும் இருந்த கட்டு அறுந்தது. பற்களின் எண்ணிக்கையை மாற்றி எவர் காலுக்கும் ஏற்ப வண்டியை அமைக்க முடிந்தது. மனிதர் வண்டிக்கு ஏற்ப வளைய வேண்டியதில்லை. வண்டியை மனிதருக்கு ஏற்ப மாற்றலாம். என் முழங்காலுக்குத் தேவைப்பட்ட இரண்டு பற்களை அந்தக் கண்டுபிடிப்புதான் தந்தது.

வலுச் சேர்த்தல்

வண்டி சீரானதும் வலி பறந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் நடந்தது அதுவன்று. வண்டியின் பங்கு பாதி. மெலிந்துபோன தொடையின் பங்கு மறுபாதி.

குருத்தெலும்பைப் பற்றி இயன்முறை மருத்துவர் சொன்ன செய்தி எனக்கு வியப்பளித்தது. குருத்தெலும்பில் இரத்தக்குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் உள்ள வழவழப்பான நீர்மத்திலிருந்தே அஃது ஊட்டம் பெறுகிறது. மூட்டு அசையும்போது, அழுந்தியும் தளர்ந்தும் அந்த நீர்மம் உள்ளே சென்று வருகிறது. அசைவே அதற்கு உணவு. அளவறிந்த அசைவு மூட்டைக் காக்கிறது. முழு ஓய்வு அதைப் பட்டினி போடுகிறது. மிதிவண்டியில் உடலின் எடையை இருக்கை தாங்குவதால், சரியாக அமைந்த வண்டியில் சமதரையில் செல்லும்போது முழங்காலின் மேல் விழும் சுமை நடையைவிடக் குறைவு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கே மிதிவண்டிப் பயிற்சியைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

நாள்தோறும் செய்ய நான்கு பயிற்சிகளைத் தந்தார். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்துதல். மல்லாந்து படுத்து, நீட்டிய காலை அப்படியே உயர்த்துதல். முழங்கால்களை மடக்கிப் படுத்து இடுப்பை மேலே தூக்குதல். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து அமர்தல். ஒவ்வொன்றும் பத்து முறை. அத்தகைய மூன்று சுற்றுகள். செலவில்லாதவை, ஆனால் சலிப்பூட்டுபவை. மருந்தில் ஒரு கவர்ச்சி உண்டு. விடியற்காலையில் பாயில் படுத்துக் காலைத் தூக்கி இறக்குவதில் எந்தக் கவர்ச்சியும் இல்லை.

முதல் மாதத்தில் பயன் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இட்டேன். ஆண்டுக்கணக்கில் மாணவருக்கு மதிப்பெண் இட்ட கை, என் முழங்காலுக்கு இட்டபோது மிகவும் கடுமையாக நடந்துகொண்டது. ஆறு, ஐந்து, ஆறு, ஏழு, ஐந்து என்று எண்கள் ஏறி இறங்கின. ஓர் ஒழுங்கு மட்டும் அவர் வகுத்திருந்தார். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக்கூடாது.

இருக்கை உயர்ந்ததால் வேறொன்றும் நேர்ந்தது. இப்போது அமர்ந்தபடியே கால் ஊன்ற முடியாது. நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்னால் நழுவி இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். ஐம்பத்தோராம் வயதில் இறங்கப் பழகுவதற்காக, விடுமுறை நாள் ஒன்றில் எங்கள் பள்ளி மைதானத்துக்கே சென்றேன். பின்னால் பிடித்துக்கொள்ள இம்முறை எவரும் இல்லை. வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தங்கள் டீச்சர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் அருகில் வந்து, "டீச்சர், நான் பிடிச்சுக்கவா?" என்று கேட்டாள்.

ஆடி மாதத்தில் எங்கள் பகுதியில் காற்று எதிர்த்து வீசும். மரமில்லாத வெட்டவெளியில் வண்டியையே நிறுத்திவிடும் காற்று அது. அந்நாள்களிலும், தொடர்வண்டிப் பாதைக்கு மேலுள்ள பாலத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். விடைத்தாள் கட்டுகளைச் சுமக்கும் நாள்களில் பேருந்தைப் பிடித்தேன். மூன்றாம் மாதத்தில் குறிப்பேட்டில் மூன்றும் இரண்டும் தோன்றின. ஆறாம் மாதத்தில் ஒரு நாள், மாடிப்படியில் இறங்கி முடித்த பிறகுதான் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன்.

'வலி' என்னும் சொல்

அந்த மாதங்களில் ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி எண்ணினேன். இன்று 'வலி' என்றால் நோவு. பழந்தமிழில் அச்சொல்லுக்கு வலிமை என்பதே பெருவழக்கான பொருள். திருக்குறளில் 'வலியறிதல்' என்பது ஓர் அதிகாரத்தின் பெயர். எடுத்த செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்பவரின் வலிமை, துணைநிற்போரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்த்துச் செயலில் இறங்க வேண்டும் என்பது அங்கே அரசனுக்குச் சொன்ன அறிவுரை. இலக்கண நூலார் வல்லெழுத்தை 'வலி' என்றே சுருங்கச் சொல்வர். இழுத்தல் என்னும் பொருளிலும் 'வலித்தல்' வழங்கும். துடுப்பு வலித்தல் என்கிறோம்.

இத்தனை பொருளும் ஒரே மூட்டில் சந்தித்ததை நான் கண்டேன். தசை வலித்து இழுப்பதால்தான் கால் மிதிக்கிறது. தசையின் வலி குறைந்தபோது மூட்டில் வலி மிகுந்தது. தசைக்கு வலி சேர்ந்தபோது மூட்டின் வலி குறைந்தது. அரசனுக்குச் சொன்ன நான்கையும் முழங்கால் நோகும் ஓர் ஆசிரியையும் எடைபோட வேண்டியிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் என்னும் செயல், என் தொடையின் வலிமை, எதிர்காற்றின் வலிமை, துணைநின்ற இயன்முறை மருத்துவரும் மிதிவண்டிக் கடைப் பெரியவரும். இவற்றுள் ஒன்றை எடைபோடாமல் விட்டிருந்தாலும் கணக்கு தவறியிருக்கும்.

வலி முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். குருத்தெலும்பின் தேய்மானம் மீண்டும் வளர்ந்து நிரம்புவதில்லை. மழை நாளில், நெடுநேரம் அமர்ந்த நாளில், பயிற்சியை விட்ட வாரத்தில் அது மெல்ல வந்து எட்டிப்பார்க்கிறது. ஆனால் இப்போது அதைக் கண்டால் எனக்கு அச்சமில்லை. என்ன கேட்கிறது என்று விளங்குகிறது.

உங்கள் வண்டி

மாணவர்களே, இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டியைப் பெறுபவர்கள் நீங்கள். அந்த வண்டிகள் எல்லாம் ஓரளவானவை. நீங்கள் ஓரளவானவர்கள் அல்லர். வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஒன்றைப் பெற்றதும் அப்படியே ஏறிச் செல்லாமல், ஒரு ஸ்பேனரைக் கொண்டு இருக்கையை உங்கள் காலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். குதிகாலை வைத்தால் கால் நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் சற்றே மடங்க வேண்டும். இருக்கைக் கம்பியில் எல்லைக்கோடு பொறித்திருந்தால் அதற்குமேல் உயர்த்த வேண்டா. மிதிகட்டைகள் தள்ளாடாமல் சுழல்கின்றனவா என்று பாருங்கள். பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்காமல் முன்பாதத்தால் மிதியுங்கள். நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது வீரமாகத் தோன்றலாம். இருவரின் பாரத்தையும் தாங்குவது ஒருவரின் முழங்கால்.

முழங்காற்சில்லுக்குப் பின்னால் எழும் வலி முதியோருக்கு மட்டும் உரியதன்று; இளையோரிடமும் பரவலாகக் காணப்படுவதே. வந்தால் மறைக்காதீர்கள். மூட்டு வீங்கினாலோ, சிவந்து சூடேறினாலோ, காய்ச்சலோடு நொந்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது மூட்டு நழுவினாலோ, இரவில் உறங்கவிடாமல் வலித்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவை இருக்கையைத் திருத்துவதால் தீருபவை அல்ல.

மாணவியருக்குத் தனியே ஒரு சொல். உங்கள் பாட்டியருக்கு மிதிவண்டி எட்டாத பொருளாக இருந்தது. உங்கள் அன்னையருள் பலர் ஊர்ப்பேச்சைத் தாண்டித்தான் அதில் ஏறினர். உங்களுக்கு அது பள்ளி வாசலுக்கே வந்து சேர்கிறது. அதன் இருக்கை, விழுந்துவிடுவீர்கள் என்று எவரோ கொண்ட அச்சத்தின் உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் காலின் உயரத்தில் இருக்கட்டும்.